தெற்குச் சுவரின் ஒன்பது குழாய்கள்

செவிலிமேட்டில் நாங்கள் வாங்கிய மனை, தெருவிலிருந்து பாலாற்றுப் பக்கமாகச் சரிந்து கிடந்தது. வெள்ளத்துக்குப் பயந்து, லாரி லாரியாக மண் கொட்டி, தெரு மட்டத்துக்கு உயர்த்தி வீடு கட்டினோம். கொட்டிய மண் சரியாமல் இருக்க, பின்பக்கம் ஆளுயரத்துக்குக் கருங்கல்லில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. சுவருக்கு மேலே எங்கள் பின்முற்றம். கீழே, தெற்கில், பக்கத்து வீட்டு அக்காவின் கொல்லை. அவரும் அவர் கணவரும் பட்டு நெய்பவர்கள். எங்கள் சுவர் வருவதற்கு முன்பே அவருடைய துவைக்கும் கல் அங்கே கிடந்தது. சுவர் வந்த பிறகும் அவர் அதை நகர்த்தவில்லை.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. சேற்றில் வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று பின்முற்றம் முழுக்க பேவர் கல் பதிக்கச் சொன்னேன். எதையும் நான்கு முறை சரிபார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் இப்படிச் சுவர் கட்டுவதைக் கைப்பேசியில் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு ஜல்லி நிரப்பினார்கள். மண்ணில் தேங்கும் நீர் உறைந்து சுவரைத் தள்ளிவிடுமாம். மேஸ்திரியிடம் காட்டினேன்.

"காஞ்சிபுரத்துல ஐஸ் விழட்டும்மா, அன்னிக்கி நானே வந்து ஜல்லி போட்டுத் தரேன்" என்று சிரித்தார். ஆனால் சுவரின் அடிப்பக்கம் ஒன்பது இடங்களில் குழாய்த் துண்டுகளைச் சாய்வாகச் செருகி வைத்தார். "மண்ணு குடிக்கிற தண்ணி இது வழியா வந்துடும். உள்ள நின்னாதாம்மா வம்பு."

சுவர் முடிந்த அன்று மாமியார் வந்து பார்த்தார்.

"இன்னாபா இது, தெக்கால தண்ணி உடறே? வாஸ்து தெரிஞ்சவன் செய்வானா? வீட்டுப் பொம்பளைக்கு ஆகாது."

"ஆறே தெக்காலதான் கீது. தண்ணி வேற எங்கம்மா போவும்?" என்றார் மேஸ்திரி.

மாமியார் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலாவது நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மூன்றாம் மாதத்தில் எனக்குக் கலைந்துபோயிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாத அந்த விஷயம் ஒன்பது குழாய்களின் வாயிலும் வந்து நின்றது. கணவர் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டில் இருந்தார். நான் கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தவள்.

"அடைச்சிடுங்க" என்றேன்.

"நீயுமாம்மா?" என்றார் மேஸ்திரி. பிறகு சிமென்ட்டைக் குழைத்து ஒவ்வொரு குழாயாக அடைத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பேவர் கற்களின் இடுக்குகள் வழியே நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. முற்றத்தில் ஒரு குட்டைகூட இல்லை. மகள் காய்ந்த தரையில் நடப்பதுபோல நடந்தாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அத்தனை நீரும் எங்கே போகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மழை சற்று விட்டது. கீழிருந்து அக்கா கூப்பிட்டார்.

"இன்னாமா, உன் சுவரு முழுகாம கீதா? வயித்த தள்ளிக்கினு நிக்குது!"

குனிந்து பார்த்தேன். சுவரின் நடுப்பகுதி வெளியே புடைத்திருந்தது. ஓரத்து பேவர் கற்களுக்கும் சுவருக்கும் நடுவில் என் விரல் நுழையும் அளவு இடைவெளி. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். "அங்க நிக்காதீங்கக்கா" என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்பார். குழாயை யார் அடைத்தது என்று பேச்சு வரும். மாமியார் உள்ளே பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்து இருங்கக்கா" என்றேன். வழுக்கும், பார்த்து நடங்கள் என்பதற்கும் அதைத்தான் சொல்வோம்.

உள்ளே போய் மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

"உடனே கம்பி எடுத்து அந்தக் குழாயையெல்லாம் குத்தி உட்றுமா. கீழ யாரையும் நிக்க உடாத. அந்த அக்காகிட்ட இப்பவே சொல்லு."

நான் கம்பி எடுக்கவில்லை. சொல்லவாவது செய்திருக்கலாம். குரல் கொடுத்தால் கேட்கும் தூரம். மகள் அப்போதுதான் தூங்கியிருந்தாள். கத்தினால் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆறு மணிக்குக் கணவர் வந்துவிடுவார், அவரே சொல்வது நல்லது என்றும் நினைத்தேன். ஒவ்வொரு காரணமும் அந்த நேரத்தில் நியாயமாகவே தெரிந்தது.

நான்கு மணிக்கு, லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். மழை விட்ட இடைவெளியில் அக்கா துணி துவைக்க வந்திருந்தார். கற்களும் சேறுமாகச் சுவர் அவருடைய வலது காலின் மேல் கிடந்தது. மகள் எழுந்திருக்கவே இல்லை.

கணுக்காலில் கம்பி வைத்தார்கள். குழித்தறியில் மிதியை மிதிக்க இரண்டு பாதமும் வேண்டும். அந்தப் பாதம் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னபோது, அக்காவின் கணவர், "மழை பண்ண வேலை. யார இன்னா சொல்றது" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் மாமியார், "நல்லவேளை, கொழந்த அந்தப் பக்கம் போவல" என்று திருஷ்டி கழித்தார்.

ஒரு மாதம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். குழாய்களை அடைக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் தறியைப் பார்த்தார். பாதி நெய்த சேலை அதில் அப்படியே இருந்தது.

"அன்னிக்கி சுவரக் காட்டி நான் சிரிச்சேனே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."



இப்போது புதுச் சுவர் நிற்கிறது. பின்னால் ஜல்லி, அடியில் பன்னிரண்டு குழாய்கள். மாமியார் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. மழை பெய்தால் நான் கீழே இறங்கிப் போய், ஒவ்வொரு குழாயிலும் நீர் வருகிறதா என்று விரல் விட்டுப் பார்க்கிறேன். அந்த வீட்டுத் தறியில் இப்போது அவர் கணவர் மட்டும்தான் உட்காருகிறார். அக்கா வாசலில் ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

என்னைக் கண்டால், "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்கிறார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். முன்பெல்லாம் என்னை நீ என்றுதான் கூப்பிடுவார்.