கால் சம்பளம்

என் பிஸ்கட் டின்னில் ஒரு பழைய காகிதம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. அதில் எழுதியிருப்பது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் நடுவில் ஒரு படம் உண்டு. அதை மட்டும் படிப்பேன். முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்ட இடது கால். தனியாகக் கிடக்கும் பாதம். ஐந்து விரலுக்கும் நகம். பக்கத்தில் சிவப்புச் சாப்பு, ஆபீஸ் முத்திரை.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம், கிள்ளான் ஸ்டேஷனில் சரக்குப் பெட்டி கோக்கும்போது அந்தக் கால் போனது. அன்றைக்கு நல்ல மழை. கழன்று விழுந்த செருப்பைத்தான் நான் முதலில் தேடினேன். அது கிடக்கட்டும். கால் போனதற்காக ரயில்வேயில் மாசம் கொஞ்சம் உதவிப் பணம் கொடுத்தார்கள். ஜப்பான்காரன் வந்தும் நிறுத்தவில்லை. வாழைமரப் படம் போட்ட அவன் நோட்டாகக் கொடுத்தான். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் அதற்குக் 'கால் சம்பளம்' என்று பேர். காலுக்கு வந்த சம்பளம், அவ்வளவுதான்.

வரிக்கு ஆள் கணக்கெடுக்க ஒருவன் வீடு வீடாக வந்தான். "என்னா சம்பளம்?" என்றான், நிமிர்ந்தே பார்க்காமல். நான் உள்ளே பாயில் உட்கார்ந்தபடியே, "கால் சம்பளம்ண்ணே," என்று தொகையைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மாசம் ஒரு காகிதம் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் வாசித்துவிட்டுச் சிரித்தார். "டேய், நாலு மடங்கு சம்பளம் போட்டிருக்கான்டா! எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே?" மாசக் கடைசிக்குள் வரி கட்டாவிட்டால் அரிசி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற இடத்துக்கு வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. அந்த அட்டையில்தான் நானும் என் அம்மாவும் சாப்பிட்டோம். மீதி நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு.

கட்டையை ஊன்றிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு, அதனால் அவரே அப்போதுதான் அதைப் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் போனாலும் மனு, விண்ணப்பப் பாரம் எல்லாம் எழுதித் தருவார்.

"பதிய வந்தவனிட்ட என்ன சொன்னனீர், தம்பி?"

"கால் சம்பளம்னு சொன்னேன் டீச்சர்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அவன் காலைக் கால்வாசி எண்டு நினைச்சிட்டான். நாலாலை பெருக்கி முழுச் சம்பளமாக்கிப் போட்டான். வேலை செய்து வாங்கினால்தான் சம்பளம். இது கால் போனதுக்குத் தாற உதவி. இதுக்கு வரி இல்லை."

எழுத ஆரம்பித்தார். பாதியில் பென்சில் நின்றது. ஜப்பான் மொழியில் காலுக்கு என்ன சொல் என்று அவருக்கு இன்னும் தெரியாது. தமிழில் எழுதினால் அங்கே படிப்பவன் மறுபடியும் பெருக்குவான். கொஞ்சநேரம் என் வெறும் கைலியைப் பார்த்தார். "இடதோ?" என்றார். வரைந்தார். நகத்தைக்கூட விடவில்லை.

வரி ஆபீஸில் ஜப்பான்கார அதிகாரி காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கைலியைத் தூக்கச் சொல்லிக் கை காட்டினான். தூக்கினேன். என்னவோ சொன்னான். நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? கைலியைக் கீழே விடாமல் அப்படியே நின்றேன். டக்கென்று சாப்பு விழுந்தது. படம் போட்ட காகிதத்தை என்னிடமே நீட்டினான், வரிக் காகிதத்தைக் கிழித்தான். அரிசி அட்டையைத் தொடவே இல்லை. வெளியே வந்து மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன்; எவ்வளவு நேரமோ, மூச்சு விடுவதே இனிப்பாக இருந்தது.

டீச்சரம்மா காலில் விழப் போனேன். "விழாதையும்! தூக்கிவிட இஞ்ச ஒருத்தரும் இல்லை," என்றார்.

போன வாரம் என் மகள் கம்ப்யூட்டரில் வரிப் பாரம் நிரப்பினாள். எனக்கு வரும் ஊனமுற்றோர் உதவியையும் கணக்கில் சேர்க்க வேண்டுமோ என்று எனக்குப் பயம். தேடிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வரி இல்லப்பா, போட வேணாம்," என்றாள். மதகுக் கட்டையில் விட்ட அதே மூச்சை மறுபடி விட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. டின்னைத் திறந்து காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"எதுக்கும் இந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பிடேம்மா."