நாகராசு பெயரில் ஒரு ஸ்டிக்கர்

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை விற்கும் முத்தாள், தாலி கட்டிய நாளிலிருந்து புருசன் பேரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகள் ஹரிணியைத்தான் முன்னே தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, நாகராசு மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பேர் நாளெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

தள்ளுவண்டியில் அவன் ஒட்டிய ஸ்கேன் ஸ்டிக்கர் அவன் பேரில்தான் இருந்தது. பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்குப் போனை நீட்டுகிறவர்கள், பணம் போடுமுன் ஒரு வார்த்தை கேட்பார்கள்.

“நாகராசுதானே?”

“அவங்கதாங்க.”

அதைச் சொல்லும்போதெல்லாம், அவன் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போயிருப்பதாகவே அவளுக்குத் தோன்றும். அதனாலேயே அவன் இறந்ததை வங்கியில் சொல்லவில்லை. தினமும் விடியும்போது அவனுடைய கார்டைக் கொண்டுபோய், முந்தின நாள் விற்ற காசை ஏடிஎம்மில் எடுத்துப் பச்சைக் கடலை வாங்குவாள். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது.

ஒருநாள் ஆயிரம் ரூபாய் எடுக்கப் போனால், கணக்கில் அவ்வளவு இல்லை என்றது மிஷின். அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. ஹரிணி போய்ப் பாஸ்புக்கில் வரவுசெலவு அச்சடித்து வந்தாள்.

“மாசத்துல அஞ்சு தடவைதாம்மா சும்மா எடுக்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு தடவைக்கும் இருபத்தி மூணு ரூவா, வரி தனி. காசு வந்துச்சுன்னு பேசுற பொட்டிக்கு மாச வாடகை. நேத்து கார்டுக்கு வருசக் கட்டணம் வேற எடுத்துட்டான். வருசத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல போயிருக்கும்மா.”

எழுநூறு பொட்டலம்! மழையிலும் வெயிலிலும் நின்று விற்றது. எடுக்கிறவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்தால்தான் என்னவாம்?

“ஒம் பேர்ல கணக்கு தொறந்தா, பச்சைக் கடலை தர்றவருக்கு ஒம் போன்லயே போட்டுரலாம். அப்பா நம்பருதான் கட்டாயிருச்சே. பொட்டியும் வேணாம்.”

“அப்ப அவங்க பேரு?”

புதுக்கோட்டை ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்வருகிற ஹரிணியின் செருப்பில், வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. முத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து டிரங்குப் பெட்டியிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்தாள்.

வங்கிக் கவுண்டரில் இருந்த அம்மா, “வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க” என்றார். ஹரிணி வாயைத் திறந்தாள். முத்தாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நாகராசு.”

இருபத்து நாலு வருடத்தில் முதல்முறை. அதுவும் அவன் கணக்கை மூடுவதற்கு. அந்த இடத்திலேயே அவள் தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள்.

அடுத்த வாரம் பழைய ஸ்டிக்கரின் மேல் புதியது ஏறியது. பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு பெண் போனை நீட்டினாள்.

“முத்தாள்தானே?”

“அவங்கதாங்க” என்றாள் முத்தாள், பழக்கதோசத்தில்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வாங்கிப் போனாள். முத்தாள் எதிர் டீக்கடையைப் பார்த்தாள். அங்கே யார் யாரோ நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.