மாவுச் சாக்குச் சட்டை போட்ட பதினொரு பேர்

ஒரு வருஷம் முழுக்க பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸ் குடியிருப்பு மொத்தமும் என் அப்பாவைத் திட்டியது. அதில் பாதியை அம்மாவே திட்டித் தீர்த்துவிட்டாள். மிச்சத்தைத்தான் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய்விட்டுத் திட்டும் உரிமை இல்லாததால் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

அப்பா ரயில்வே பட்டறையில் இயந்திரம் பூட்டுகிற பிட்டர் வேலை பார்த்தார். அவர் செய்த குற்றம், எங்கள் ரயில்காரத் தமிழர்களின் பந்து அணிக்கு மாஸ்டராக இருந்தது. யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது, யார் எந்த இடத்தில் நிற்பது என்பதையெல்லாம் மாஸ்டர்தான் முடிவு செய்வார். முழங்கால் போகும்வரை அவரே ஆடியவர். ஜெயித்தால் ஆடினவனுக்குப் பேர், தோற்றால் மாஸ்டருக்குப் பேர் என்பது அங்கே எழுதாத சட்டம். அந்த வருஷம் எங்கள் ஆட்கள் தோற்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அப்பாவின் பேர் குழாயடி வரைக்கும் பரவியிருந்தது.

குழாயடியில் தண்ணீர் பிடிக்க நிற்கிற பெண்களில் ஒருத்திகூட ஆட்டத் திடல் பக்கம் போனவள் இல்லை. ஆனாலும் இடது பக்கம் ஓடுகிறவனை நடுவில் போட்டது தப்பு என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. முடிவெட்டுகிற கடையில் இதே பேச்சு. பாதித் தலை வெட்டின நிலையில் ஆட்கள் எழுந்து நின்று வாதாடுவார்களாம். எல்லாருக்கும் மேலே ஒருவர் இருந்தார், சரக்குக் கொட்டகையில் கணக்கு எழுதுகிற கிராணி. அவர் இங்கிலீஷ் பேப்பர் படிப்பார். இங்கிலாந்தில் யார் யாரை எத்தனை கோலில் ஜெயித்தார்கள் என்பது அவருக்கு விரல் நுனியில். எங்கள் கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்வான் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அது கோல்கீப்பருக்கே தெரியாது.

யார் என்ன கேட்டாலும் அப்பா "பாப்போம்" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சண்டைக்கு நடுவே இருந்தவர் என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்தார். இஞ்சின் துடைக்கிற வேலை. அடுத்த படி இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற பயர்மேன், அதற்கும் அடுத்த படி டிரைவர். மாமாவின் பேர் பயர்மேன் லிஸ்டில் ஏறிவிட்டது, கண் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அதை நம்பி கிள்ளான் ஊரில் ஒரு பெண்ணும் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் ரயில்காரர். மாப்பிள்ளை இஞ்சினில் ஏறட்டும், தாலி கட்டலாம் என்று சொல்லியிருந்தார். அம்மா அந்தக் கல்யாணத்தை வீட்டில் தினமும் ஒருமுறை நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்து விஷயத்தில் மாமா எங்கள் ராஜா. அவர் காலில் பந்து பட்டால் திடலைச் சுற்றி நிற்கிறவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவரை, பச்சைச் சட்டைக்காரர்களோடு மோதிய ஆட்டத்தில் அப்பா பாதியிலேயே வெளியே கூப்பிட்டுவிட்டார். காரணம் இருந்தது. மாமா மூன்று தடவை பந்தைக் கொண்டுபோய் எதிராளியின் காலிலேயே அழகாக வைத்தார். அதில் ஒன்று கோலாகியும் போயிற்று. மாமா விலை போய்விட்டார் என்று சிலர் அன்றே பேச ஆரம்பித்தார்கள். அடுத்த முறை அதே பச்சைச் சட்டைக்காரர்கள் வந்தபோது அப்பா மாமாவை இறக்கவே இல்லை. நீலச் சட்டைக்காரர்களோடு ஆடவிட்டார், மாமா பிய்த்து உதறினார். மறுபடி பச்சை வந்தது, மறுபடி மாமா வெளியே.

"எந் தம்பிய எதுக்குங்க உக்கார வச்சிங்க?" என்று சோற்றுத் தட்டை வைத்தபடி அம்மா கேட்டாள்.

"அவனுக்குக் கால் சரியில்ல."

"அந்தக் கால்லதான் நேத்து அடுத்த வீட்டுக் கூரையில ஏறி ஓடு மாத்துனான்."

அப்பா குழம்பை ஊற்றிக்கொண்டார். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். உப்பு வேண்டுமா என்பதைக்கூட என்னைக் கேட்கச் சொல்வாள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தந்தி ஆபீஸ் வேலை பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அப்பா அவளுடைய தையல் மூட்டையை அவிழ்த்து, வெட்டுத் துணிகளைப் பாயில் கொட்டினார். மாமாவைக் கூப்பிட்டு, "இதுல செவப்ப மட்டும் தனியா எடு" என்றார். நான் புது விளையாட்டு என்று ஓடிப்போய் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா எடுத்தார். சிவப்பில் ஒன்று, இலைப்பச்சையில் ஒன்று, மறுபடி இலைப்பச்சை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிளகாய் வாங்கிவரச் சொன்னால் பச்சையும் பழுத்ததும் கலந்து அள்ளிக்கொண்டு வருகிற ஆள்தானே, அசட்டை என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் சொல்லித் திட்டுவாள்.

ஆனால் மாமாவின் நெற்றி வேர்த்திருந்தது. அப்பாவிடம் தோற்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. மாமாதான் வீட்டில் எனக்கு எல்லாம். மிட்டாயும் அவர்தான், தோளில் தூக்குவதும் அவர்தான். அதனால் ஒரு வழி செய்தேன். அவர் கை சரியான துணிமேல் போகும்போது பாய் ஓரத்துக்கு அடியில் என் கால் விரலால் அவர் காலைத் தொட்டேன். மாமா சட்டென்று பிடித்துக்கொண்டார். அடுத்து ஐந்து துணி, ஐந்தும் சிவப்பு. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "நீ போய் அம்மாவுக்குக் குடம் தூக்கு" என்றார். நான் வாசல் வரைக்கும் போய் நின்று கேட்டேன்.  மாமாவின் குரல் மட்டும் கேட்டது. "யாருக்கும் சொல்லிடாதீங்க மச்சான். கிள்ளான்ல தெரிஞ்சா குருட்டுப் பயன்னுடுவாங்க."

மாமா ஏதோ விளையாட்டில் தோற்றதற்கு இப்படிக் குழைகிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த வாரம் அப்பா இரண்டு காரியம் செய்தார். இரண்டும் கோட்டர்ஸைக் கொந்தளிக்க வைத்தன. ஒன்று, பட்டறை மேலாளான போர்மேனைப் பார்த்து மாமாவின் பேரை பயர்மேன் லிஸ்டிலிருந்து எடுக்கச் சொல்லி, பாய்லர் பட்டறைக்கு மாற்றிவிட்டார். இன்னொன்று, அணியின் சிவப்புச் சட்டையை ஒழித்துக்கட்டினார்.

அந்தச் சிவப்பு சும்மா வந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் கோட்டர்ஸ் பெண்கள் குழாயடியில் அடுப்பு மூட்டி, அண்டாவில் சாயம் காய்ச்சி முக்கி எடுத்த சிவப்பு. ஒரு வாரத்துக்கு எல்லார் கையும் சிவந்திருக்கும். அதை மடித்து வைத்துவிட்டு அப்பா ரொட்டிக் கடையிலிருந்து கோதுமை மாவுச் சாக்குகளைக் கேட்டு வாங்கிவந்தார். வெள்ளைத் துணிச் சாக்கு. அம்மா தைக்க மறுத்துவிட்டாள். அப்பாவே தைத்தார். பிட்டர் தைத்த சட்டை எப்படி இருக்கும்? கை ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. எத்தனை துவைத்தும் ஆலைக்காரன் அச்சு போகவில்லை. எங்கள் கோல்கீப்பர் முதுகில் ஒரு கோழிப் படம் கடைசிவரை இருந்தது.

அந்தச் சட்டையோடு பதினொரு பேரும் திடலில் இறங்கியபோது, "மாவு மூட்ட வருது, வழி விடுங்கலா" என்று ஒருவன் கத்தினான். எதிரே பச்சைச் சட்டைக்காரர்கள். எங்கள் வரிசையில் மாமாவும் இருந்தார்.

அந்த ஆட்டத்தை நான் எப்படிச் சொல்வது? மாமா அன்று ஆடியதுபோல அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை. தலையைத் தூக்கிப் பார்ப்பார், வெள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே பந்து போகும். ஒன்றுகூடப் பச்சையிடம் போகவில்லை. இரண்டு கோல் அவரே போட்டார். அப்பா கோட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தை நடப்பதைப் பார்க்கிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியும் தோற்றோம். கோழிப் படக்காரர் மூன்றை விட்டுவிட்டார்.

மாமா நன்றாக ஆடியதே அப்பாவுக்கு வினையாகப் போயிற்று. இவ்வளவு ஆடுகிறவனை இத்தனை நாள் ஏன் உட்கார வைத்தாய் என்பதுதான் இப்போது கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோட்டர்ஸ் பின்னால் இருக்கிற பெரிய மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். அம்மா வரவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். முன்னால் ஒரு நாற்காலியில் மடக்கின குடையோடு கிள்ளான்காரர், பெண்ணின் அப்பா, உட்கார்ந்திருந்தார். பயர்மேன் மாப்பிள்ளை பாய்லர் பட்டறைக்குப் போன கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ரயிலேறி வந்திருந்தார்.

கிராணி எழுந்தார். பட்டியல் தயாராக இருந்தது. மச்சினனை உட்கார வைத்தது, சிவப்புச் சட்டையை எடுத்தது, சாக்கை மாட்டி ஊர் சிரிக்க வைத்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொந்த மச்சினன் இஞ்சின்ல ஏறப் போறான்னதும் மாஸ்டருக்குப் பொறுக்கல. இவரு கடைசி வரைக்கும் பிட்டர்தானே? நான் கேக்கறது ஒரு காரணம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாஸ்டர், இந்தக் கூட்டத்தக் கலச்சிடறேன்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அவர் தரையைப் பார்த்தார்.

பின்னாலிருந்து மாமா எழுந்தார்.  "நான் சொல்றேன்" என்றார்.

"உக்காருடா" என்றார் அப்பா.

"இல்ல மச்சான். இதுக்கு மேலயும் நீங்க..."

"இன்னிக்கு வரைக்கும் நாந்தானே மாஸ்டர்? உக்காருன்னா உக்காரு."

 மாமா உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அப்பா கிராணி பக்கம் திரும்பினார். "என் யோசன சரியா வரல, கிராணி ஐயா. பையன்மேல ஒரு தப்பும் இல்ல. பாய்லர் பட்டறைக்கு அவன் கை தேவப்பட்டுச்சு, நாந்தான் கேட்டு மாத்துனேன். நீங்க வேற ஆளப் போட்டுக்குங்க" என்றார்.

போட்டுக்கொண்டார்கள். சிவப்புச் சட்டை திரும்பி வந்தது. மாமா முழங்கால் வலி என்று சொல்லி ஆடுவதை விட்டார். அணி முன்போலவே தோற்றது. கிள்ளான்காரர் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் காப்பி குடித்தார். பட்டறை வேலை என்றால் மாப்பிள்ளை தினமும் வீட்டுக்கு வந்துவிடுவான், இஞ்சின் வேலையைவிட அது தேவலை என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அம்மா அப்பாவுக்கு மீன் தலையை வைத்து, "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்குங்க" என்றாள். அவள் கண் வீங்கியிருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

விளங்குவதற்கு நான் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மரத்துக்குச் சிவப்பு இலை வரைந்து கொண்டுவர வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்திருந்த மாமா அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். எனக்கும் இது நல்லாத்தானே தெரியுது என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டார். பிறவியிலேயே அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்று அன்றுதான் சொன்னார். கூட்டம் நடந்த ராத்திரியே அம்மாவிடம் மட்டும் அதைச் சொல்லிவிட்டாராம். திடலில் அது எதிராளிக்குப் பந்து கொடுப்பதோடு போயிற்று. ரயில் பாதையில் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒன்றாகத் தெரிகிறவன் இஞ்சினில் ஏறினால் என்ன ஆகும்? அப்பா அதைப் பந்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். ஆட்டத்தையும் கெடுக்காமல், பையன் மானத்தையும் விடாமல், ரயிலில் போகிறவர்களுக்கும் ஆபத்து வராமல் செய்ய அவருக்குக் கிடைத்த வழி அந்த மாவுச் சாக்கு. அப்பா அப்போது உயிரோடு இல்லை.

மரத்தடிக் கூட்டம் கலைந்ததும் நடந்ததை மட்டும் நான் மாமாவிடம் சொல்லவில்லை. அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போவோம் என்று எப்போதும்போல என் பக்கம் கையை நீட்டினார். அத்தனை பேர் முன்னால் ஒரு காரணம்கூடச் சொல்லத் தெரியாத மனிதர் என்று எனக்கு அவமானமாக இருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன்.