நேவியோவும் சுவரில் ஒரு துளையும்

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று, கோல்தெரா மலையூரில் எல்லாரும் செவ்வந்திப் பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். வீடுகளில் கணப்பு அடுப்பு பொருத்தும் நேவியோவும் போவார். அப்பா அம்மாவின் கல்லுக்கு முன்னால் தலையைக் குனிந்து ஒரு ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து யாராவது தோளைத் தொடுவார்கள். எங்க வீட்டு அடுப்பின் கதவுக் கண்ணாடி கறுக்கிறது, எங்களது பற்றவே மாட்டேன் என்கிறது, எங்களதில் உள்ளே ஏதோ கடகடவென்கிறது. செத்தவர்களோடு பேச வந்த இடத்தில் அடுப்பு வைத்தியம். கோடை முழுக்க மனிதர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். இவர்களில் ஒருத்தருக்காவது அடுப்பு நினைவுக்கு வந்ததா என்றால் இல்லை. கைவிரல் விறைக்கும்போதுதான் ஊருக்கே ஒரே நாளில் ஞானம் பிறக்கும்.

அவர் வேலை பார்த்த, மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்யும் ஆலையை மூடியபோது அவருக்கு நாற்பது வயது. அப்போதுதான் ஊரில் பெல்லட் அடுப்பு வரத் தொடங்கியிருந்தது. மரத்தூளை அழுத்திச் சிறு குச்சிகளாக்கி மூட்டையில் விற்பார்கள். அதை மேலே கொட்டிப் பொத்தானை அழுத்தினால் அடுப்பு தானே பற்றி, தானே ஊதி, அறையைச் சூடாக்கும். விறகு பிளந்து தோள் கழன்ற ஊருக்கு அது பெரிய வரமாக இருந்தது. நேவியோ பயிற்சிக்குப் போய் உரிமம் வாங்கி, ஒரு வேன் வாங்கி, வீடு வீடாகப் பொருத்தினார். இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அடுப்புக்காரனின் வாழ்க்கை தரையில்தான். மண்டியிட்டு இயந்திரத்தால் சாம்பல் உறிஞ்சவேண்டும், குப்புறப் படுத்துப் புகைக்குழாயின் அடிமூடியைத் திறக்கவேண்டும், கையை முழங்கைவரை உள்ளே விடவேண்டும். முட்டி இரண்டும் போய்விட்டன. எழுந்திருக்கும்போது எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

அவர் பார்த்த கூத்துகளைச் சொல்லி மாளாது. ஒருத்தன் சாம்பலுக்குள் கங்கு இருப்பது தெரியாமல் வீடு கூட்டும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அதைப் பற்றவைத்தான். ஒருத்தி நிலவறைவரை போய்வரச் சோம்பல்பட்டு பெல்லட் மூட்டையை எரியும் அடுப்பின் தலையிலேயே வைத்திருந்தாள். இதையெல்லாம் சொல்லித் திருத்திவிடலாம். திருத்தவே முடியாதது ஒன்று உண்டு. இந்த மலைக்காரர்களுக்குப் பனிச்சரிவு பயமில்லை, ஓநாய் பயமில்லை. கழுத்தில் படும் காற்று ஒன்றுதான் பயம். பல்வலி முதல் மலச்சிக்கல்வரை எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். மே மாதத்திலும் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு திரிகிற ஜனங்கள், நேவியோ அடுப்புக்காக வெளிச்சுவரில் போடும் காற்றுத்துளையைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் அவர் ஒரே பாட்டைத்தான் பாடினார். அடுப்புக்கும் மூச்சு வேண்டும். துளையை அடைத்தால் தீ சரியாக எரியாது. சரியாக எரியாத தீ விடும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். அவர் மனைவி இனேஸுக்கு அந்தப் பேச்சு தலைகீழாகப் பாடம். இரவுச் சாப்பாட்டில் அவரைப் போலவே குரலை இறக்கி அதைச் சொல்லிக் காட்டி, அவரையே சிரிக்கவைப்பாள்.

அர்ரிகோ பள்ளிக்கூடச் சிநேகிதன், சீட்டாட்டக் கூட்டாளி. அவன் மனைவி ப்ரூனா. அவர்கள் வீட்டு அடுப்பை நேவியோதான் பொருத்தினார். வெளிச்சுவரோரம் வைத்துவிட்டால் காற்றைக் குழாய் வழியாக நேரே அடுப்புக்குள் விடலாம், அறையில் காற்றே வீசாது என்று எடுத்துச் சொன்னார். சோபாவில் உட்கார்ந்தால் தீ தெரியவேண்டும் என்றாள் ப்ரூனா. வாதாடத் தெம்பில்லாமல் அவர் விட்டுக்கொடுத்தார். பழைய புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்கி, அடுப்பை உள்சுவரில் வைத்து, சோபாவுக்குப் பின்னால் துளை போட்டுக் கம்பிவலை மாட்டினார். வாயு வந்தால் கூவும் கருவி ஒன்றையும் இனாமாகக் கொடுத்தார். டிவி ரிமோட்டுக்கு பேட்டரி தீர்ந்த அன்றே அர்ரிகோ அந்தக் கருவியின் பேட்டரியை உருவிக்கொண்டதை அவர் அறியமாட்டார்.

இந்த ஜனவரியில் அந்த அடுப்பு அடிக்கடி எச்சரிக்கை காட்டி அணைந்தது. நேவியோ போனார். துளை திறந்திருந்தது. எரிகிண்ணத்தைச் சுரண்டினார், விசிறியைத் துடைத்தார், அடிமூடியைத் திறந்து ஒரு வாளிச் சாம்பல் எடுத்தார், கதவிடுக்கை அடைக்கும் நாடாவை மாற்றினார். எரியவிட்டுப் பார்த்தார். தீ வெள்ளையாக, துடிப்பாக நின்றது. அவர் போன மறுநாளே மறுபடி கண்ணாடி கறுத்தது, மறுபடி அணைந்தது. மறுபடி போனார். துளை திறந்திருந்தது. இந்த முறை கூரை ஏறிப் புகைபோக்கியின் தொப்பியைக்கூடக் கழற்றிப் பார்த்துவிட்டார். ஒரு குறையும் இல்லை.

"உனக்கு வயசாயிடுச்சுடா நேவியோ," என்றான் அர்ரிகோ, கிராப்பாச் சாராயம் ஊற்றிய காப்பியை நீட்டியபடி. "ஒரு அடுப்பு உன்னை ஏமாத்துது பாரு."

சிநேகிதன் கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் அது நேவியோவுக்குச் சுருக்கென்று தைத்தது. ப்ரூனா வேறு தலைவலி தாங்கவில்லை என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ரத்த அழுத்தம் என்றாராம். அவள் கழுத்தில் பட்ட காற்று என்றாள். அன்று வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்த நேவியோ, இந்தக் குளிர்காலத்தோடு தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிடப் போவதாக இனேஸிடம் சொன்னார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் குறை தெரியவில்லை என்றால், தெரியாமலே ஒருநாள் யாரையாவது கொன்றுவிடுவேன் என்றார். அந்தப் பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

அடுத்த முறை அர்ரிகோ கூப்பிட்டபோது பனி கொட்டித் தீர்த்திருந்தது. அவன் வீடிருந்த மேட்டுத் தெருவில் பனி இன்னும் வழிக்கப்படவில்லை. வேனைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முட்டியைச் சபித்தபடியே நடந்தார். சாவி வழக்கம்போல் கதவின் வெளிப்பக்கம் தொங்கியது. திறந்து உள்ளே போனார்.

கணகணவென்று சூடு. சமையலடுப்பில் சோளமாவுக் களி கொதிக்க, அதற்கு மேல் எக்ஸாஸ்ட் விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ப்ரூனா மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தாள். சோபாவில் அர்ரிகோ, ரெண்டு பேருக்கும் ஃப்ளூ என்று குழறினான். கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் தீ நீளமாக, மஞ்சளாக, சோம்பலாக ஆடியது. சோபாவுக்குப் பின்னால் பார்த்தார். துளையில் அர்ரிகோவின் கம்பளிக் காலுறை ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. அடைத்த வீட்டில் வேறு காற்றில்லாமல் எக்ஸாஸ்ட் விசிறி அடுப்பின் புகையையே அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

முட்டிவலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஜன்னல்களைத் திறந்து, விசிறியை நிறுத்தி, ப்ரூனாவின் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டுபோய்ப் பனியில் உட்காரவைத்தார். திரும்பி வந்தபோது அர்ரிகோ எழுந்து தள்ளாடி அடுப்பின் பிளக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"பிளக்கைப் புடுங்காதே. உள்ள இருக்கிற புகையை அது ஊதி வெளிய தள்ளணும். நீ வெளிய போ."

பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, காலுறையை உருவிக்கொண்டு தானும் வெளியே வந்து ஆம்புலன்ஸை அழைத்தார். வண்டி மேட்டில் ஏற முடியாமல், ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடந்து வந்தார்கள். அதுவரை ப்ரூனா வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். நேவியோ அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் தெளிந்திருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். இன்னும் அரைமணி போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேவியோ காலுறையைப் பற்றிக் கேட்டார். தான் வந்தபோதெல்லாம் துளை திறந்திருந்ததே என்றார்.

"உன் வேன் சத்தம் மேட்டுல கேட்டதும் எடுத்துடுவேன். நீ போனதும் திரும்பச் சொருகிடுவேன்," என்றாள்.

"என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே ப்ரூனா."

"நீ வர்றப்பவே பாதி செத்தவனாட்டம் வர்றே. உன்கூட சண்டை போட்டு மீதியையும் கொல்லணுமான்னு பாவமா இருந்துச்சு."

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் ஒரு தெம்பு வேண்டுமே. ஊர் திரும்பும் வழியெல்லாம் தன் வேனின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினார். அது மேட்டில் இரண்டாவது கியருக்கு மாறும்போது கோல்தெரா முழுக்கக் கேட்கும். அவர் பொருத்திய வீடுகள் அத்தனையும் அந்தச் சத்தத்தை அறியும். எந்த வீட்டிலும், எந்த வருடத்திலும், நேற்றுவரை ஒரு துளைகூட அடைபட்டு அவர் பார்த்ததில்லை. இத்தனை நாள் அதைத் தன் பிரசங்கத்தின் மகிமை என்று நினைத்திருந்தார்.

வேனைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டு நடந்தார். முதல் வீட்டில் தட்டு துடைக்கும் துணி. அடுத்த வீட்டில் சுருட்டிய செய்தித்தாள். ஒரு வீட்டில் குழந்தையின் கரடிப் பொம்மை தலைகீழாகத் திணிக்கப்பட்டு, காலிரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சில வீடுகளில் மட்டும் துளை திறந்திருந்தது. மற்ற வீடுகளில் அசடு வழிந்தார்கள், காப்பி குடிக்கிறாயா என்றார்கள். ப்ரூனாவுக்கு நேர்ந்ததை மட்டும் சொன்னார், பிரசங்கம் செய்யவில்லை. ஒவ்வொன்றாக உருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஏறினார். முழங்கால் வீங்கிக் காற்சட்டையில் இறுகியது. தொழிலை விடுவது பற்றி அன்று அவர் யோசிக்கவே இல்லை.

இருட்டத் தொடங்கியபோது வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தார். இனேஸ் நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், சுவர்த் துளையில், போன குளிர்காலத்திலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த சாம்பல் நிறத் தொப்பி இருந்தது.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"வண்டி எங்க?" என்றாள்.

நேவியோ சுவரோரம் மண்டியிட்டுத் தொப்பியை உருவினார். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. இனேஸ் வந்து கை கொடுக்கும்வரை, கழுத்தில் காற்று அடிக்க அங்கேயே இருந்தார்.