வீட்டுக்காரிக்கு ஒரு பலாக்காய்

போன மாதம் ஒரு காலையில் பேக்கரி சாலி நானா ஹாலிஎலவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பாண் கூடை இல்லாமல் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "மாஸ்டர், வீட்டுக்காரி போயிட்டாங்க" என்றார்.

எந்த வீட்டுக்காரி என்று நான் கேட்கவில்லை. பதுளையில் சொந்த வீடுள்ள பெண்கள் எத்தனையோ பேர். அந்தப் பெயர் ஒருவருக்குத்தான். ஸ்பிரிங்வெளி ரோட்டு ஞானப்பூ அக்கா.

அடக்கப் பூசையில் பங்குச் சாமியார் நன்றாகப் பேசினார். ஊருக்குப் புதியவர். "தமக்குத் தீங்கு செய்தவர்களையெல்லாம் மன்னித்து, அமைதியோடு போன ஆத்துமா" என்றார். எனக்குப் பக்கத்தில் நின்ற சாலி நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கோயிலுக்குள் சாமியாரைத் திருத்துவது மரியாதையல்ல. ஆகையால் இங்கே திருத்துகிறேன். அக்கா ஒருவரை மன்னிக்கவில்லை, அதை ஒளித்ததும் இல்லை. அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் அவரைச் சாந்தசொரூபி என்று நினைத்துவிடக் கூடாது.

அவர் கணவர் சவரிமுத்து அண்ணன், மாட்டு வண்டிகள் வைத்துத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளைப் பண்டாரவளை ஸ்டேசனுக்கு ஏற்றியவர். அந்த வருமானத்தில் கட்டிய வீடு அது. பின்பக்கம் ஒரு பலா மரம். ஒரு மழைக்காலத்தில் வந்த மாட்டு நோய் தொழுவத்தைக் காலி செய்துவிட்டது. புது மாடுகள் வாங்க அண்ணன் வீட்டை ஒற்றி வைத்தார். வாங்கியவர், மாடுகளுக்குப் புண்ணாக்கு கொடுத்துவந்த அரிசிக்கடை முதலாளி. அந்த ஆளின் பெயரை அக்கா வாயில் எடுத்ததில்லை. "அரிசி" என்பார், அவ்வளவுதான். நானும் பெயரை எழுதப்போவதில்லை. புது மாடுகள் வந்த சில மாதங்களில் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார்.

இளையவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டை வைத்துக் கடன் வாங்குவதில் இரண்டு வழி உண்டு. ஈடு வைத்தால் நாம் வீட்டிலேயே இருந்து வட்டி கட்டலாம். ஒற்றி வைத்தால் பணம் கொடுத்தவரிடம் வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அவர் குடியிருப்பதோ வாடகைக்கு விடுவதோதான் வட்டி. முதலைத் திருப்பிக் கொடுத்தால் வீடு திரும்பும். இதில் எது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. கோப்பி நன்றாக இருந்த காலத்தில், பதுளையில் ஒரு வீட்டைக் காட்டினால் ஈட்டுக்குப் பணம் கொடுக்க ஆட்கள் வீடு தேடி வந்தார்களாம். கோப்பி இலையில் நோய் விழுந்ததும் அதே ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒற்றி என்றால் மட்டும் பாதிக் கதவு திறந்தது. தேயிலை நிமிர்ந்தபோது முழுக்கதவும் திறந்தது. பிறகு, பண்டாரவளையோடு நின்ற ரயில் பதுளைக்கு வரும் என்று அளவுக் கம்புகள் நட்டார்கள். அன்று முதல் யாருக்கும் வட்டி வேண்டாம், வீடுதான் வேண்டும். வகுப்பில் நான் பிள்ளைகளைக் கேட்பதுண்டு: இத்தனைக்கும் நடுவில் வீட்டுச் சுவர் ஒரு விரலாவது வளர்ந்ததா, குறைந்ததா? இல்லை. மலையில் ஒரு செடிக்கு நோய் வந்தால் ஊரில் ஒரு சுவரின் விலை இறங்குகிறது. வீட்டை வைத்துக் கடன் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

சாவியைக் கொடுத்த அன்று அக்கா ஒரு நிபந்தனை சொன்னார். "பலா மரத்துல வருசத்துக்கு ஒரு காய் எனக்கு. நானே வந்து எடுப்பேன்." வீடு இன்னாருடையது என்பது மறந்துபோகாமலிருக்கச் செய்யும் வழக்கம் இது, திருச்சிப் பக்கமிருந்து தோட்டத்துக்கு வந்த அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. முதலாளி சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்த வருஷம் அக்கா காய் எடுக்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். சாலி நானாவும் வந்தார். வீட்டின் முன்பகுதி அரிசிக்கடையாகியிருந்தது. கடை நிறைய ஆட்கள். வெள்ளைச் சேலையில் அக்கா படியேறியதும் முதலாளி கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார்.

"டேய், வழி விடுங்கடா. என் வீட்டுக்காரி வந்துட்டா."

கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதும், அவர் எதை நினைத்துச் சொன்னார் என்பதும், சிரித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கணவன் செத்து வருஷம் திரும்பாத பெண். அக்கா நிமிர்ந்தபடி கடையைக் கடந்து போய், காயை அறுத்து, பால் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு அதே வழியில் திரும்பினார். ரோட்டுக்கு வந்தபிறகு, "தம்பி, அவரு சொன்ன சொல்லு உங்க காதுல உழுந்துச்சா?" என்று கேட்டார்.

"விழுந்தது அக்கா."

"மறந்துறாதீங்க."

வருஷம்தோறும் போனோம். வருஷம்தோறும் அதே வழி விடுங்கடா, அதே வீட்டுக்காரி, அதே சிரிப்பு. கேலி பழசாகியும் அந்த ஆளுக்கு அலுக்கவில்லை. அக்கா வெலிமடை மரக்கறி வாங்கித் தோட்டத்துத் துரை பங்களாக்களுக்குக் கொடுத்துச் சம்பாதித்தார். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்களோடு சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தார். ஹாலிஎலப் பக்கம் ஓர் அறையில் இருந்தார்.

சாலி நானாவுக்கும் அதே ஆளிடம் ஒரு பழைய காயம் இருந்தது. தம்முடைய வீட்டை அவரிடம் ஒற்றி வைத்துவிட்டு, அங்கேயே வாடகைக்கு இருந்து பேக்கரி நடத்தியவர். கைக்காசில் செங்கல் அடுப்புக் கட்டினார். வீடு கைவிட்டுப் போனபோது அடுப்புக்காவது ஏதாவது கொடுங்கள் என்றார். "யார் எதைக் கட்டினாலும் வீட்டோடு சேரும், அதற்குக் காசு கேட்கக் கூடாது" என்று முதலாளி எல்லா ஒற்றி உறுதிப் பத்திரத்திலும் எழுதவைத்திருந்தார். நானா வெறுங்கையோடு தெருவுக்கு வந்தார். அக்காவின் உறுதியிலும் அதே வரி இருந்தது.

ரயில் பாதை நெருங்கியது. எஞ்சினியர் துரைமார் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளி அக்காவின் வீட்டுக்கு மேல் மாடி எடுக்கத் தொடங்கினார். அதற்குள் ஒற்றிக் கடனின் முதல் முழுவதும் அக்கா கையில் சேர்ந்திருந்தது. நான் பதறிப்போய், "அக்கா, இப்பவே கட்டி மீட்டுடுங்க" என்றேன்.

"பொறுங்க தம்பி. இன்னும் ஓடு போடல."

இன்னொரு நாள் எதிர்ப்புறம் நின்று வேலையைப் பார்த்துவிட்டு, "சன்னலெல்லாம் சின்னதா இருக்கே. நீங்க படிச்சவரு, சொன்னா கேப்பாரு. போய்ச் சொல்லிட்டு வாங்களேன்" என்றார். நான் போனேன். துரைமாருக்கு வெளிச்சம் வேண்டும், முன்னால் ஒரு வராந்தாவும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று மெத்தப் பணிவாகச் சொன்னேன். கண்ணாடிச் சன்னல் வந்தது. வராந்தாவும் வந்தது. என் புத்திமதியை இவ்வளவு சிரத்தையாகக் கேட்ட மாணவன் எனக்கு வாய்த்ததில்லை.

கடைசி ஓடு ஏறிய வாரம் அக்கா பணத்தோடு போனார். முதலாளி வாங்க மறுத்தார். இத்தனை காலம் இருந்தது நான், வரி கட்டியது நான், வீடு என்னுடையது என்றார். வழக்கு பதுளைக் கோர்ட்டுக்குப் போனது. யாரையும் சொந்தக்காரராக ஒப்புக்கொள்ளாமல் நெடுங்காலம் இருந்தால் வீடு இருந்தவருக்கே சேரும் என்று ஒரு சட்டம் உண்டு. ஆகையால் வீடு தங்குமா போகுமா என்பது ஒரே கேள்வியில் நின்றது: அந்தக் காலமெல்லாம் அவர் அக்காவை வீட்டின் சொந்தக்காரராக ஒப்புக்கொண்டிருந்தாரா?

சாலி நானாவும் நானும் சாட்சி சொன்னோம். வருஷம்தோறும் பலாக்காய் எடுத்ததைச் சொன்னோம். கடைக்குள் அவர் சொன்ன சொல்லையும் சொன்னோம். முதலாளி கூண்டில் ஏறினார்.

"காயா? பிச்சையாக் குடுத்தேன்."

"வீட்டுக்காரி என்று சொன்னீர்களா?" என்றார் அக்காவின் வக்கீல்.

"கேலிக்குச் சொன்னதுங்க."

நீதிபதி வெள்ளைக்காரர். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று துவிபாஷியைக் கேட்டார். துவிபாஷி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்று வீட்டுக்குச் சொந்தக்காரி, இன்னொன்று மனைவி என்று விளக்கினார். வருஷம்தோறும் இந்தப் பெண்ணை எந்தப் பொருளில் அழைத்தீர் என்று நீதிபதி கேட்டார்.

முதலாளியின் மனைவி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆள் கொஞ்சம் பெரிய உடம்பு. மடியில் வைத்திருந்த கையை எடுத்து மெதுவாக இடுப்பில் ஊன்றிக்கொண்டு கணவரையே பார்த்தார்.

முதலாளி நெற்றியைத் துடைத்தார். "சொந்தக்காரிங்கிற அர்த்தத்துலதாங்க" என்றார்.

வழக்கு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. மீதியெல்லாம் எழுத்து வேலை.

காலி செய்த நாளில் ஓடுகளையும் கண்ணாடிச் சன்னல்களையும் கழற்ற முதலாளி ஆட்களோடு வந்தார். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "வீட்டோட சேரும்னு நீங்கதானே எழுத வச்சீங்க? படியில கால் வைக்காதீங்க" என்றார். வாசலில் நின்ற சாலி நானா, "முதலாளி, எங்கட அடுப்பத் தூக்கிட்டுப் போக நீங்க உட்டீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எதிர்க்கடைக்காரர்களும் சிரித்தார்கள். முன்பு அவரோடு சேர்ந்து சிரித்த அதே வாய்கள்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மாடியில் துரைமார் குடிவந்தார்கள். வாடகை அக்காவுக்கு வந்தது. வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். அக்கா அந்த வருஷம் முதல், மரத்தில் நல்ல காயாக ஒன்றைப் பார்த்து முதலாளியின் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். தூக்கிக்கொண்டு போவது நான். வாசலில் நின்று, "வீட்டுக்காரி குடுத்தாங்க" என்று தெரு கேட்கச் சொல்ல வேண்டும். காயை வாங்கிக்கொள்ளும் முதலாளியின் மனைவி ஒரு முறைகூட வேண்டாம் என்றதில்லை. அன்றைக்கே கறி வைத்து முதலாளியின் இலையில் போடுவதாகக் கேள்வி.

ஒரு வருஷம் காய் கனத்தது; எனக்கும் வயதாகிவிட்டது. "போதுமே அக்கா, விட்டுடலாமே" என்றேன்.

"தம்பி, பள்ளிக்கூடத்துல பிள்ளை கணக்கைத் தப்பாப் போட்டா நீங்க என்னா செய்வீங்க? அழிச்சிட்டு உட்டுருவீங்களா?"

"திருப்பிப் போடச் சொல்லுவேன்."

"நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். கடைக்குள்ள வச்சு அந்தச் சொல்லச் சொன்னது தப்புன்னு, அதே கடைத்தெருவுல நின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அவரு இன்னும் போடல."

கடைசி வரை போடவில்லை. அக்காவின் அடக்கத்துக்கு அவர் வரவில்லை. ஒரு பூவளையம் மட்டும் வந்தது. பெயர் எழுதிய சீட்டைப் பார்த்ததும் சாலி நானா அதை எடுத்துக்கொண்டுபோய்க் கோயில் மதிலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

அக்கா வீட்டைத் தம் தங்கையின் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார். மரத்தின் ஒரு காயை மட்டும் எனக்கு விட்டிருக்கிறார். நான் தின்பதற்கல்ல. நேற்றுப் போய்ப் பார்த்தேன்; இந்த வருஷம் அடிமரத்திலேயே நன்றாகக் காய்த்திருக்கிறது. முற்றட்டும். சந்தை நாளாகப் பார்த்து, கடைத்தெரு வழியாக, தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவேன். அந்த வாசலில் நின்று வழக்கம்போலவே சொல்வேன்:

"வீட்டுக்காரி குடுத்தாங்க."