யூதாசுக்குப் பெண் கொடுப்பது

என் அக்கா மகளுக்கு வேம்பாரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். குடிப்பழக்கம் கிடையாது. இருவரும் ஏற்கெனவே பேசிப் பழகி, ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போனவர்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காரணம், அவன் ஊர்ப் பாஸ்காவில் யூதாஸ் வேஷம் கட்டுகிறான்.

இயேசுவின் பாடுகளை, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் மேடை போட்டு நடிப்பதுதான் பாஸ்கா. எங்கள் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் கல்லூரியில் விவிலியம் சொல்லிக்கொடுப்பவள். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று கேட்டு உயிரை வாங்குபவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். சம்பந்தம் தட்டிப்போகிறதே என்ற வருத்தத்துக்கு முன்னால் எனக்கு ஆர்வம்தான் வந்தது, மறைப்பானேன். சினிமா வில்லனை நேரில் கண்டால் மண்ணை வாரித் தூற்றிய பெண்களைப் பற்றி வகுப்பில் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படி ஒருத்தி என் கூடப் பிறந்தவளாகவே இருக்கிறாள்!

அந்தப் பையனின் யூதாஸ் பிரபலமான யூதாஸ். போன வருடம் காட்டிக்கொடுக்கக் கிளம்பும் காட்சியில் பணப்பையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி அவன் நடந்து வந்ததை யாரோ கைபேசியில் பிடித்து, கதாநாயகன் அறிமுகத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு இசையை ஒட்டி, ரீல்ஸ் ஆக்கிவிட்டார்கள். அதிலிருந்து துறைமுகத்தில்கூட ‘ஏலே யூதாசு’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காட்டிக்கொடுத்தவன் கதாநாயக நடை நடக்கத் தொடங்கியது எப்போது? இயேசுவாக நடிப்பவனுக்கு அமைதியாகக் கைகூப்புகிற கூட்டம், இவன் வந்தால் ஏன் விசில் அடிக்கிறது? யோசித்துப் பார்த்தால் இயேசு மேடையில் பாவம். மெல்லத்தான் நடக்க வேண்டும், மெல்லத்தான் பேச வேண்டும், காலண்டர் படத்தை விட்டு ஒரு அங்குலம் நகர முடியாது. பன்னிரண்டு சீடர்களில் சினிமா பார்க்க அனுமதி வாங்கியவன் யூதாஸ் ஒருவன்தான் போலிருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் நான் குடியிருக்கும் மில்லர்புரத்திலிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சீலா மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஊரு சிரிக்கும்னு பயப்படுதியாக்கா?”

“ஊரு கெடக்கு ஊரு. அது என்னைக்குச் சிரிக்காம இருந்திச்சு?”

“பெறவு என்ன? அந்த வேஷம் கட்டுனா பாவம் ஒட்டிக்கிடும்னு நெனைக்கியா?”

“ஏளா, படிச்சும் ஒனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. அவன் கடைசில கயித்துல தொங்குதாம்லா. வருசா வருசம் எம் மருமவன் தூக்குல தொங்குறத நான் முன்வரிசைல உக்காந்து பாக்கணுமா? எம் பிள்ள பாக்கணுமா?”

சாபம், தீட்டு, ஊர்ப் பழி என்று நான் மனதுக்குள் தயாராக வைத்திருந்த விளக்கங்கள் எதற்கும் இங்கே வேலை இல்லை. வேண்டாம் என்று தள்ளியவனை மருமகன் என்கிறாளே, அதைச் சுட்டிக்காட்டவும் தைரியம் வரவில்லை. அவள் முன்னால் அரிவாள்மணை இருந்தது.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? “பைபிள்ல எல்லா எடத்துலயும் தூக்குன்னு எழுதலக்கா. இன்னொரு எடத்துல, தலகுப்புற விழுந்து வயிறு வெடிச்சுச் செத்தான்னு இருக்கு” என்றேன்.

அக்கா மீனைக் கீழே வைத்தாள். “இதத்தான் இத்தன வருசம் படிச்சியாளா?”

கதவோரம் நின்ற அவள் மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “சித்தி, ஒங்களுக்கு இது ஆராய்ச்சி. எனக்கு வாழ்க்க.”

சுருக்கென்று தைத்தது. அழுது அழுது அவள் கண் இரண்டும் வீங்கியிருந்ததை நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கடற்கரைச் சாலை பஸ் பிடித்து வேம்பாருக்குப் போனேன். பையன் மரியாதையாக நாற்காலி போட்டான். வேஷத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றான். அவன் அப்பா கடலுக்குப் போயிருந்தபோது புயல் வந்து, படகு என்ன ஆனதென்றே தெரியாமல் வீடே அழுதுகொண்டிருந்ததாம். “அப்பா உசுரோட கர வந்து சேந்தா, ஆரும் கட்டாத வேஷத்த நான் கட்டுதேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன் சித்தி. உடம்புல தெம்பு இருக்குத வர கட்டணும்.”

“சேசு வேஷத்துக்கு நேந்திருக்கலாம்லா?”

“அதுக்கு அடிச்சுப் பிடிச்சு ஆளு நிக்கி. நேர்ச்சைன்னா கொஞ்சமாது வலிக்கணும்லா?”

அவன் நேர்ச்சையை மீற மாட்டான். அக்கா அந்தக் காட்சியைச் சகிக்க மாட்டாள். நடுவில் கிடந்து தவிப்பவள் அந்தப் பெண். எனக்குத் தெரிந்த ஒரே வழி ஏடுதான் என்பதால், பாஸ்காவை நடத்தும் அண்ணாச்சியிடம் போனேன். நான்கு நற்செய்திகளில் மூன்றில் யூதாஸ் எப்படிச் செத்தான் என்ற பேச்சே இல்லை, அதனால் தூக்குக் காட்சியை விட்டுவிட்டாலும் தப்பில்லை என்று விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “டீச்சர் சொல்லுதது சரியாத்தான் இருக்கும். ஆனா தூக்கு இல்லாமப் பாஸ்காவா? அதுக்குன்னே புகை மிஷினு, லேசர் லைட்டு எல்லாத்துக்கும் சொல்லியாச்சே” என்றார். சினிமாவுக்கு முன்னால் நற்செய்தி தோற்றது. மற்ற நாளாக இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு மகிழ்ந்திருப்பேன்.

“ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டு வேண்டாம்னு சொல்லும்மா, அதுக்கு மேல நான் கேக்கல” என்று மகள் கெஞ்சியதில் அக்கா பாஸ்காவுக்கு வந்தாள். பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிட்டார்கள். கடல் காற்றில் எருசலேம் வரைந்த திரைத்துணி படபடவென்று அடித்துக்கொண்டது. யூதாஸ் பணப்பையோடு நடந்து வந்தபோது விசில் காதைப் பிளந்தது. அக்கா மட்டும் மடியில் கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. புகை கிளம்பியது, இடி இடித்தது, சிவப்பு வெளிச்சம் சுழன்றது. ஒட்டுப் பலகையால் செய்த மரத்தின் மேல் அவன் ஏறி நின்று அழுதான். கழுத்து இறுகாமல் ஆளைத் தாங்கச் சட்டைக்குள் இடுப்பு வார் கட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தோம். கூட்டம் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தது. அவன் சுருக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டினான்.

அக்கா எழுந்துவிட்டாள்.

“ஏலே வேண்டாம்லே! எறங்கி வாலே! ராயப்பர மன்னிச்சவரு ஒன்ன மன்னிக்க மாட்டாராலே?”

ராயப்பர் என்று எங்கள் கடற்கரை சொல்வது பேதுருவை. அவரும் அதே இரவில் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தவர்தான். இருவரில் ஒருவருக்கு மன்னிப்பும் மற்றவனுக்குக் கயிறும் ஏன் என்று அறிஞர்கள் எழுதிக் குவித்ததில் கொஞ்சத்தையாவது நான் படித்திருக்கிறேன். இறங்கி வா என்று அவனைப் பார்த்துக் கத்திய ஒருவரையும் அவற்றில் கண்டதில்லை. அவள் கத்தியது யூதாசைப் பார்த்தா, கிரேன் ஓட்டும் பையனைப் பார்த்தா? பிறகு அவளிடமே கேட்டேன். “ரெண்டும் ஒருத்தன்தானளா” என்றாள்.

அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. இடிச் சத்தம் போடுகிறவன் அதை நிறுத்திவிட்டான். கூட்டத்தில் ஒரு குழந்தை இருமியது கேட்டது. மரத்தின் மேல் நின்றவன் புகைக்குள்ளிருந்து முன்வரிசையைப் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான். பிறகு சுருக்கைக் கழுத்திலிருந்து கழற்றினான். சட்டையில் குத்தியிருந்த மைக்கை அவன் மறந்தே போயிருந்தான்.

“சரி மாமி, எறங்குதேன்” என்று அவன் மெதுவாகச் சொன்னது வேம்பார் முழுக்கக் கேட்டது.