வலை கடலில் கிடக்கும்போது முடித்துவிட்ட கூட்டம்

சுற்றிப் பார்க்க இடம் தேடி இதைத் திறந்தவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நான் போனது கோபத்தோடு, திரும்பி வந்தது அதைவிடக் கோபத்தோடு. போன இடம் திருக்கோவிலுக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் கிராமம். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அந்தச் சனங்கள் கேட்டார்கள், போடவில்லை. கம்பனியின் பெயரைப் போட வேண்டாம் என்று என் மகள் சொல்கிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள். நான் ஏசுகிற இடங்களை அவளே வெட்டிவிடுகிறாள். வெட்டியது போக மிஞ்சியது இது.

போன சித்திரை மாதம், வருடப் பிறப்புக் கழிந்த கிழமை, கனகசூரியத்திடமிருந்து அழைப்பு வந்தது. நான் சாய்ந்தமருதுக்காரன். முப்பது வருடத்துக்கு மேலாகக் கருவாட்டு வியாபாரம் செய்தவன். கனகசூரியம் அந்தக் கிராமத்தில் கரைவலை வைத்திருப்பவன். தோணி வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போடும். வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். அவன் பிடித்த மீனைத்தான் அவ்வளவு காலமும் நான் காயவைத்து விற்றேன். எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவனும் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“காக்கா, வியாழக்கிழமை பத்து மணிக்குக் கம்பனிக்காரன் கூட்டம் வெக்கிறான். கறுப்பு மண் அள்ளப் போறானாம். ஊர்ச்சனத்திட்டக் கேக்காம ஏலாதாம். நீங்க வந்து மேட்டப் பத்திக் கதைக்கணும்.”

“என்ட கதைய ஆருடா கேப்பான்?”

“உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இரிக்கி. எனக்குக் கோவம் வந்தா நாக்கு வராது.”

மேடு என்றால் கடலோரம் நீளமாகக் கிடக்கிற மணல்மேடு. அந்த மணலில் கறுப்பாக மின்னுகிறதே, அது இல்மனைட்டாம். வெள்ளைப் பெயின்ட் செய்ய அது வேண்டுமாம். எங்கேயோ யாரோ சுவருக்கு வெள்ளை அடிக்க இங்கே கரையைத் தோண்ட வேண்டும். அந்த மேட்டின் உச்சியில்தான் கனகசூரியத்தின் ஆள் ஒருவன் விடியலிலிருந்து நிற்பான். தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்து மீன் வருகிறது என்று துணியை வீசுவான். மேடு இல்லாவிட்டால் பார்க்க இடமில்லை. பார்க்க இடமில்லாவிட்டால் கரைவலையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. சுனாமி வந்த காலை எங்கள் சாய்ந்தமருதுக் கரையில் மேடு ஏதும் இல்லை. அலை நேரே வந்தது. என் வீட்டையும் என் பெண்சாதியையும் கொண்டுபோனது. கனகசூரியம் மூன்றாம் நாள் அரிசி மூட்டையோடு எங்களைத் தேடி வந்தான். தன் வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலளவுதான் வந்தது, மேடு தாங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு, ஏதோ களவு செய்தவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டான்.

சுபஹ் தொழுதுவிட்டு ஆறரைக்குப் பிரதான வீதியில் அக்கரைப்பற்று பஸ் எடுத்தேன். இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, நூற்றிருபது ரூபாய், ஒரு மணி நேரம். காரைதீவு, நிந்தவூர் தாண்டும்வரை காற்று நன்றாக இருக்கும், கடல் பக்கத்து யன்னலில் இருங்கள். என் பக்கத்தில் இருந்தவர் ஒலுவில்காரர். துறைமுகம் கட்டிய பிறகு அங்கே கடல் கரையை அரிப்பதைப் பற்றிக் கேட்டேன்.

“எங்கட தென்னந்தோட்டம் இன்னும் இரிக்கி காக்கா. கடலுக்குள்ள இரிக்கி. தேங்காய் பறிக்கத் தோணியில போகணும்,” என்று சிரித்தார். 

அக்கரைப்பற்றில் பிளேன்டியும் ஒரு ரொட்டியும். பிறகு பொத்துவில் பஸ்ஸில் தம்பிலுவில் தாண்டி, திருக்கோவில், எண்பது ரூபாய். அங்கிருந்து ஓட்டோ முந்நூறு. ஓட்டோக்காரப் பொடியன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“கூட்டத்துக்கா போறீங்க? கம்பனியாளா?”

“என்னப் பாத்தாக் கம்பனியாள் மாதிரியா இரிக்கி?”

“போன மாசம் வந்தவனும் தொப்பி போட்டவந்தான், காக்கா.”

என் தலையிலிருந்த தொப்பியைத் தொட்டுப் பார்த்தேன். உண்மைதானே.

மேட்டின் அடியில் தகரப் பந்தல். பிளாஸ்டிக் கதிரைகள், நீலம். பத்து மணிக் கூட்டத்துக்குக் கம்பனி வண்டி பத்தே முக்காலுக்கு வந்தது. அதற்குள் கதிரைகள் நிறைந்துவிட்டன, பெண்கள் வெயிலில் நின்றார்கள். இறங்கியதும் முதல் வேலையாக நிறைந்த கதிரைகளைப் படம் எடுத்தார்கள். அடுத்து ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். கனகசூரியத்தின் அக்கா பூமணி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மேட்டத் தோண்டினா எங்கட கிணத்துத் தண்ணி உப்பாகப் போகுதெண்டு இப்பவே பழக்குறானுகள்,” என்றாள். பந்தலே சிரித்தது.

கொழும்பிலிருந்து வந்த கம்பனி அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல தமிழ். மண்ணை அள்ளுவோம், கறுப்பைப் பிரித்து எடுப்போம், மிச்சத்தைத் திரும்பக் கொட்டிவிடுவோம், ஒரு வருடத்தில் மேடு பழையபடி இருக்கும் என்றார்.

“அந்த ஒரு வரிசமும் மீன எங்க நிக்கச் சொல்லுவீங்க?” என்றாள் பூமணி.

“எல்லாத்துக்கும் பதில் சொல்றேன் அம்மா. இப்ப கேள்வி நேரம்தான்.”

கனகசூரியம் எழும்பினான். சாரத்தை இறுக்கிக் கட்டினான். வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து மேட்டின் உச்சியில் துணி பறந்தது.

பாரை மீன் கூட்டம். அந்தப் பருவத்தில் அதுவரை அவர்கள் வலையில் குஞ்சு மீனைத் தவிர ஒன்றும் படவில்லை. பந்தலுக்குள் இருந்த அத்தனை பேரும் எழும்பிவிட்டார்கள், ஆனால் ஒருவரும் அசையவில்லை. கனகசூரியத்தைப் பார்த்தார்கள். அவன் கடலைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான்.

“ஐயா, ஒரு இழுவை. வலை கரைக்கு வந்தோண்ண கதைப்பம். இருப்பீங்களா?”

“போய்ட்டு வாங்க, நாங்க இருக்கிறோம்.” சிரித்துக்கொண்டு சொன்னார். என் காதால் கேட்டேன்.

ஓடினார்கள். பெண்களும் ஓடினார்கள். அங்கே கயிற்றைத் தொட்டவர் எவரானாலும் மீனில் பங்கு உண்டு, வழிப்போக்கருக்கும் உண்டு. அது கனகசூரியத்தின் அப்பன் காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். என் முழங்கால் இழுக்க விடாது. நான் பந்தலில் இருந்தேன். நீலக் கதிரைகளுக்கு நடுவில் நானும், கம்பனிக்காரர் நான்கு பேரும்.

“தம்பி, அவங்க வாற வரைக்கும் நான் ஒண்டு சொல்லவா?”

“நீங்க இந்த ஊரா?”

“இல்ல. சாய்ந்தமருது.”

“அப்ப உங்கட கருத்தை இதில எடுக்க ஏலாது, பெரியவர்.”

எடுக்காவிட்டாலும் சொன்னேன். அலையைச் சொன்னேன், பெண்சாதியைச் சொன்னேன், முழங்காலளவுத் தண்ணீரைச் சொன்னேன். அவர் கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டே “ம்” போட்டார். அரை மணி நேரம் கூட ஆகவில்லை. தன் ஆட்களிடம், “கேள்வி நேரம் குடுத்தாச்சு, ஆட்சேபணை ஒண்டும் வரல்ல, முடிச்சிடுவம்,” என்றார்.

“இருப்பமெண்டு சொன்னீங்களே?”

“அடுத்த ஊர்லயும் கூட்டம் இருக்கு. இது அவங்களுக்கு முக்கியமெண்டா எழும்பிப் போயிருக்க மாட்டாங்கதானே?”

இந்த இடத்தில் நான் சொன்னதை மகள் வெட்டிவிட்டாள்.

வலை கடலில் கிடக்கும்போது கயிற்றை விட முடியாது, ஐயாமாரே. ஒரு பக்கம் விட்டால் வலை சரியும், மீன் போகும், அலையில் வலையே சுருண்டு கிழியும். அது இரண்டு மணி நேர வேலை. நீங்கள் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தபோது அவர்கள் வெயிலில் நின்று காத்திருந்தார்களே! அவர்களுக்காக நிழலில், கதிரையில், போத்தல் தண்ணீரோடு காத்திருக்க உங்களுக்கு முடியவில்லை.

தோளில் கிடந்த துவாயை எடுத்து வீசி அவர்களைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் அந்தக் கரையில் துணி வீசுவது கயிறு இழுக்கிறவர்களுக்குக் கட்டளை. மேட்டிலிருப்பவனைத் தவிர வேறு எவரும் வீசக்கூடாது. வீசியிருந்தால் வலை குழம்பியிருக்கும். ஆகவே நடந்தேன். சுடுமணலில் எழுபத்தெட்டு வயது எவ்வளவு வேகமாகப் போகும்? பாதி வழியில் பின்னால் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

வலை கரைக்கு வந்தபோது அதன் மடிப்பை நிறையப் பாரை. வழமையாக அந்த நேரம் கூச்சல் காதைப் பிளக்கும். நான் விசயத்தைச் சொல்லியிருந்தேன், அதனால் ஒருவரும் சத்தம் போடவில்லை. மீன்தான் துள்ளியது.

“ஒரு மடி பாரைக்குக் கரையக் குடுத்திட்டியேடா,” என்றாள் பூமணி.

 கனகசூரியம் என் பக்கம் திரும்பிக் கேட்டான்: “நீங்க சொன்னீங்களா காக்கா?”

“சொன்னன். நான் ஊர்க்காரன் இல்லையாம்.”

அவன் திரும்பித் தோணியைப் பார்த்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: “பங்கப் பிரியுங்க. மறுகா தோணிய இழுங்க. கடலுக்கில்ல. ரோட்டுக்கு.”

கடற்கரைக்கு வண்டி போக ஒரே ஒரு மணல் பாதைதான், இரண்டு பக்கமும் தாழங்காடு. பகல் மூன்று மணி வெயிலில், வலை இழுத்த அதே ஆட்கள், உருளைக் கட்டை வைத்து, அதே பாட்டைச் சொல்லி, தோணியை மேட்டைச் சுற்றி இழுத்துக் கொண்டுவந்து பாதைக்குக் குறுக்கே போட்டார்கள். வலையையும் அதன் மேலேயே ஏற்றினார்கள். இந்த முறை நானும் கயிற்றைத் தொட்டேன். பூமணி இரண்டு பாரையை என் பையில் போட்டாள். வேண்டாம் என்றதற்கு, “கயித்தத் தொட்டீங்கதானே, பேசாமக் கொண்டு போங்க,” என்றாள்.

மண்ணைச் சோதிக்கத் துளை போடுகிற கம்பனி இயந்திரம் இரண்டு தரம் வந்து தோணியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. பொலிசும் ஒரு தரம் வந்து, தோணியை எடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. கூட்டம் முறைப்படி நடந்தது, ஊரில் எதிர்ப்பு இல்லை என்பதே இன்றைக்கும் கம்பனியின் பேச்சு. இல்லாத எதிர்ப்பு பாதைக்குக் குறுக்கே கிடக்கிறது, வந்து பாருங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: கல்முனைப் பக்கமிருந்து போய்வர பஸ்ஸுக்கு நானூறு, ஓட்டோவுக்கு அறுநூறு கையில் இருக்கட்டும். குடை, தண்ணீர் கொண்டு போங்கள், கடையில்லை. திரும்புவதற்கு மாலை ஐந்தரைக்குப் பிறகு பஸ்ஸை நம்ப வேண்டாம். கரைவலை பார்க்கலாம், மலிவாக மீன் வாங்கலாம் என்று போகாதீர்கள். இது மீன் படுகிற பருவம்தான், ஆனால் தோணியும் வலையும் பாதையில் கிடப்பதால் அந்தக் கரையில் இப்போது வலை இறங்குவதில்லை. ஓட்டோ தோணி வரைக்கும் போகும். இறங்கி, அங்கேயே துணைக்கு நில்லுங்கள். காலையில் போனால் நல்லது. கனகசூரியமும் மற்றவர்களும் விடிந்ததும் அடுத்த ஊர்க்காரரின் வலைகளைக் கூலிக்கு இழுக்கப் போய்விடுகிறார்கள். மத்தியானம் வரை தோணிக்குப் பக்கத்தில் பூமணி மட்டும்தான் இருப்பாள்.